தோலில கை வைக்கப்படா

சாய்ந்தமருது
1980 ஜூன் 2

தம்பி ஸமட்,

உனக்கு என்ட சலாம். சுகம் விசாரிச்சு நாலு வரி எழுத எனக்கும் நேரமில்ல, வாசிக்க உனக்கும் பொறுமை இல்ல. விசயத்துக்கு வாறன்.

இந்தக் கடிதத்தோட முத்தலிப் காக்கா ஒரு சாக்குப் பொதி தருவார். மருதமுனைச் சாரன் துணி ஏத்திக்கொண்டு கொழும்புக் கடைகளுக்குக் குடுக்க வருவாரே, அவர்தான். பதறாத. உள்ளுக்கு இருக்கிறது வாப்பாட தோல் பேக்.

ஓம், அந்தப் பேக்தான். இங்கினியாகலையில அணை கட்டின காலத்தில வாப்பா அங்க கூலியாட்களுக்குத் தொழுவிச்சுக்கொண்டு இருந்தார். சொந்த ஊருக்குப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒராள், உங்கட புத்தகம் வைக்க உதவும் எண்டு கையில குடுத்திட்டுப் போன பேக். இருபத்தொம்பது வருசமாச்சு. குர்ஆன், கிதாபு, தஸ்பீஹ் மணி, கல்யாணம் பதியிற கடுத்தப் புத்தகம் எல்லாம் அதுக்குள்ளதான். அபூசாலி லெப்பை வாறார் எண்டு சனம் அறியிறதே அந்தப் பேக்கைப் பாத்துத்தான்.

சூறாவளியில அது செத்துப் பிழைச்ச. கூரை பறக்கக்குள்ள அவர் எங்களப் பிடிக்கல்ல, பேக்கைத்தான் நெஞ்சோட பிடிச்சுக்கொண்டு இருந்தார். அதுக்குப் பிறகு பூட்டு விழுகுதில்ல. ரெண்டு பக்கிளும் இறுகிப் போச்சு. கைபிடி வளையம் எப்ப அறுமோ தெரியா. ஒண்டரை வருசமா சாரன் கிழிச்ச துண்டால கட்டிக்கொண்டு திரியிறார்.

இனித்தான் செய்தி. இந்த வருசம் வாப்பாக்கு ஹஜ்ஜுக்கு இடம் கிடைச்சிருக்கு. செப்தெம்பர் கடைசியில பிளேன். என்ட மருமகன் புதுப் பேக் வாங்கித்தாறன் எண்டு சொல்ல, கேட்ட பாவனையே இல்லாம எழும்பிப் போயிட்டார். மறுகா அடுப்படி வாசல்ல வந்து நிண்டு, எங்கயோ பாத்துக்கொண்டு சொல்லுறார்: "கொழும்பில இருக்கிறவனிட்டக் குடு."

எட்டு வருசத்தில உன்னப் பத்தி அவர்ட வாயில வந்த முதல் கதை, தம்பி. நான் மாவைப் பிசைஞ்சுகொண்டு இருந்த கையோட அழுதிட்டன்.

அதோட விட்டாரா? "பித்தளையை மட்டும் பாக்கச் சொல்லு. தோலில கை வைக்கப்படா எண்டு சொல்லு" எண்டிட்டுத்தான் போனார்.

எட்டு வருசத்துக்கு முதல் ஹஜ்ஜுப் பெருநாள் சோத்தில நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ வேலை செய்யிற கடையில அந்த மிருகத்தின்ட தோலும் தைக்கிற எண்டு ஆரோ சொல்ல, "அதைத் தொட்ட கையோட என்ட சோத்துச் சஹன்ல இருக்காத" எண்டு அத்தனை பேருக்கு முன்னால உன்னை எழுப்பினார். அது பிழைதான். பேர் எழுதவே எனக்குக் கை வராத சாமானை நீ தொட்டதும் பிழைதான். ரெண்டு பேருக்கும் நடுவில நான் தேஞ்சுபோனன், அந்த வளையத்தவிட. பேக்கை வடிவாச் செஞ்சு அனுப்பு. அவர் ஒரு நல்ல மனசோட போகட்டும்.

உன்ட ராத்தா
கமீலா


மருதானை
1980 ஜூன் 14

ராத்தா,

பொதி வந்த. உங்களுக்கும் மச்சானுக்கும் சலாம். வேற ஆருக்கும் சொல்லச் சொல்லல்ல.

முதல்ல ஒண்டு கேக்கணும். பித்தளைக்குப் புளி போட்டுத் தேச்சது ஆரு? நீங்கதான், தெரியும். சட்டி பானையா இது? பக்கிளுக்கு இடுக்கில எல்லாம் பச்சை பிடிச்சுக் கிடக்கு. புளியைத் தேச்சுக் கழுவாம விட்டா அப்பிடித்தான். அதுக்கு மேல தேங்காயெண்ணெய். தோலுக்கும் எண்ணெய், பித்தளைக்கும் எண்ணெய், பூட்டு ஓட்டைக்குள்ளயும் எண்ணெய். பூட்டுக்குள்ள இருந்து நான் தோண்டியெடுத்த ஊத்தையை வச்சு ஒரு விளக்கு எரிக்கலாம்.

வளையம் ரெண்டும் ஒரு பக்கம் நூல் மொத்தத்துக்கு வந்திட்டு. பக்கிள்ட முள்ளு ரெண்டும் உக்கிப் போச்சு. பூட்டுக்குள்ள ஸ்பிரிங் ஒடிஞ்சு ரெண்டு துண்டாக் கிடக்கு. புதுசு வாங்கிப் பூட்டினா ஒரு நாள் வேலை. ஆனா புதுசு வேணாம். அவர் பெருவிரல் வச்சு வச்சுத் தேய்ச்ச பூட்டு, அதை எறிய எனக்கு மனமில்ல. இருக்கிறதையே எடுத்துத் திருத்துறன். அடுத்த கிழமை தகடெல்லாம் கழட்டுவன்.

சின்னதில அந்தப் பேக்குக்குக் கிட்டப் போனாலே அடி விழும். இப்பதான் அதை மடியில வச்சுப் பாக்கன். முப்பத்தொம்பது வயசு எனக்கு.

தோலில கை வைக்கப்படா எண்டாராம். தோலில கை வச்சுத்தான் இருபது வருசமாச் சோறு தின்னுறன் எண்டு அவருக்குச் சொல்லுங்க. வேணாம், சொல்லாதீங்க.

ஸமட்


சாய்ந்தமருது
1980 ஜூன் 24

தம்பி,

என்ன ஆச்சு? பேக் எங்க? வளையம் ஒட்ட இத்தனை நாளா?

நேத்து நடந்ததைக் கேள். மாளிகைக்காட்டில ஒரு நிக்காஹ். இந்த மனிசன் கிதாபையும் கடுத்தப் புத்தகத்தையும் நான் மீன் வாங்கக் கொண்டுபோற பன்பையில வச்சுத் தூக்கிக்கொண்டு போயிட்டார். மாப்பிள்ளை வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்தாங்களாம். வந்து என்னை ஏசுறார், பையைக் கழுவி வைக்கத் தெரியாதா எண்டு. நான் என்ன, இவர் கல்யாணத்துக்குக் கொண்டுபோவார் எண்டு கனவு கண்டனா?

ஒவ்வொரு அசர்த் தொழுகைக்குப் பிறகும் கேக்கார், "பூட்டு எப்பிடியாம்?" எண்டு. அவன் எப்பிடி இருக்கானாம் எண்டு ஒரு நாளும் கேக்கல்ல. ரெண்டும் ஒரே கேள்விதான் எண்டு நான் எடுத்துக்கொண்டன். உன்ட கடிதத்தில பூட்டைப் பத்தி எழுதினதை மட்டும் வாசிச்சுக் காட்டினன். பெருவிரல் எண்டு எழுதியிருந்தாயே, அந்த இடத்தில "திருப்பி வாசி" எண்டார்.

எனக்கு முழங்கால் வேற வீங்கிப் போய்க் கிடக்கு. கெதியா அனுப்பு.

கமீலா


மருதானை
1980 ஜூலை 3

ராத்தா,

இந்தக் கடிதத்தை வாப்பா பள்ளிக்குத் தொழப் போன பிறகு வாசிங்க. வாசிச்சு முடிய அடுப்பில போடுங்க.

பூட்டைக் கழட்டினன். பூட்டுத் தகட்டை நாலு ஆணி அடிச்சுத் தோலோட இறுக்கியிருந்த. மத்த இடமெல்லாம் கை பட்டு, எண்ணெய் பட்டு, மழை பட்டு, கறுத்து வழுவழுப்பாப் போன படியா அது என்ன தோல் எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது. நானும் மாட்டுத்தோல் எண்டுதான் இருந்தன். தகட்டுக்குக் கீழ மட்டும் இருபத்தொம்பது வருசமா ஒண்டும் படல்ல. அந்த இடம் வந்த நாளில இருந்த மாதிரியே கிடக்கு.

தோலில மயிர் முளைச்ச துவாரம் இருக்கும். மாட்டுக்கு ஒரு விதம், ஆட்டுக்கு ஒரு விதம். மூண்டு மூண்டா, முக்கோணமா இருக்கிறது ஒண்டே ஒண்டுக்குத்தான். நீங்க பேர் எழுத மாட்டீங்க. நான் எழுதறன். பண்டி.

ஒரு தரம் இல்ல, பத்துத் தரம் பாத்தன். மத்தத் தகட்டையும் கழட்டிப் பாத்தன். அங்கயும் அதுதான். கண்ணை நம்ப ஏலாம முதலாளியிட்டக் காட்டினன், ஆர்ட பேக் எண்டு சொல்லல்ல. "இங்கிலீசுப் பண்டித்தோல், முதல்தரச் சாமான்" எண்டு தடவிப் பாத்துத் தந்தார்.

அப்ப நான் சிரிச்சன் ராத்தா. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், கடையில எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரிச் சிரிச்சன். அந்தத் தோலைத் தொட்ட கை எண்டு என்னைச் சோத்தில இருந்து எழுப்பின மனிசன், அந்தத் தோலுக்குள்ளயே குர்ஆனை வச்சுத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கார். நான் அதைத் தொட்டா ஏழு தரம் கழுவுறன், ஒரு தரம் மண் கரைச்ச தண்ணியால. அவர் கழுவல்ல.

மத்ரஸாவில மூண்டு வருசம் ஓதிப்போட்டுத் தப்பி ஓடினவன் நான். அதில எனக்கு மறக்காத பாடம் இது ஒண்டுதான்: எந்தத் தோலும் பதனிட்டாச் சுத்தமாகும், நாய்த் தோலையும் பண்டித்தோலையும் தவிர.

வாப்பாக்கு ஒரு கடிதம் எழுதினன். பத்து வரி. ஏச்சு இல்ல, ஒண்டுமில்ல. தகட்டுக்குக் கீழ கண்டதை மட்டும் எழுதி, மடிச்சு, விலாசமும் போட்டு மேசையில வச்சிருக்கன். எட்டு வருசமா இப்பிடி ஒரு கடிதம் எழுதக் கிடைக்காதா எண்டு இருந்தவன். முத்திரை ஒட்ட மட்டும் கை போகுதில்ல.

அனுப்பவா?

ஸமட்


சாய்ந்தமருது
1980 ஜூலை 11

ஸமட்,

அனுப்பாத. அனுப்பினாயெண்டா எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்ல. இதை நான் கோவத்தில எழுதல்ல, ரெண்டு நாள் யோசிச்சுத்தான் எழுதறன்.

உன்ட கடிதத்தை எரிச்சன். எரிச்சிட்டு அவர் பேக் வைக்கிற அலுமாரியை மண் கரைச்ச தண்ணியால ஏழு தரம் கழுவினன். பாய், தண்ணிச் செம்பு, அவர்ட சாரன் எல்லாத்தையும் கழுவினன். "என்னத்துக்கு மகள் மண்ணால கழுவுறாய்?" எண்டு கேக்கார். கறையான் எண்டன். "சாரன்லயுமா கறையான்?" எண்டார். வாய்க்கு வந்த பொய்யெல்லாம் சொன்னன், முழங்கால் வலியோட.

அவரை உனக்குத் தெரியாதா? முந்தின வருசம் நனைஞ்ச நாயொண்டு சாரன்ல உரசிப்போட்டு ஓடிச்சு. மூண்டு நாள் கழிச்சுத்தான் அவருக்கு அது ஞாபகம் வந்த. அந்த மூண்டு நாள்த் தொழுகையையும் இருந்த இருப்பில திருப்பித் தொழுதார். இதைச் சொன்னா? இருபத்தொம்பது வருசத்தையும் களாவாத் திருப்பித் தொழத் தொடங்குவார். எழுபத்திரண்டு வயசு. ஹஜ்ஜுக்குப் போகமாட்டார், அசுத்தத்தோட நான் எப்பிடிப் போற எண்டு கேப்பார். தொழுகைப் பாயிலயே மௌத்தாவார். நீ கபுறடிக்கு வந்து நிண்டு சிரி.

அவரை அடிக்கணுமெண்டா வந்து முகத்துக்கு நேர ஏசு, நான் தடுக்கமாட்டன். இதால அடிக்காத.

ஆனா அதை மக்காவுக்குள்ள தூக்கிக்கொண்டு போக விடவும் ஏலாதே தம்பி. தெரியாத மனிசருக்குக் குத்தமில்ல. தெரிஞ்ச நம்ம ரெண்டு பேருக்கும் இருக்கு. கோச்சிப் பயணத்தில தொலைஞ்சுபோச்சு எண்டு எழுதிவிடன். அப்பயும் பேக் இல்லாம ஹஜ்ஜுக்குப் போகமாட்டன் எண்டு நிப்பாரோ? எனக்கு ஒண்டும் ஓடுதில்ல. நாளையண்டைக்கு நோன்பு பிடிக்க இருக்கு, வீட்டில எல்லா வேலையும் அப்பிடியே கிடக்கு.

நீ படிச்சவன். ஒரு வழி சொல்லு.

கமீலா


மருதானை
1980 ஓகஸ்ட் 4

ராத்தா,

ஸ்ட்ரைக்கால கோச்சியும் இல்ல, தபாலும் ஒழுங்கில்ல. உங்கட கடிதம் சுணங்கித்தான் வந்த. வரமுதலே வேலையைத் தொடங்கிட்டன்.

நீங்க பித்தளையை மட்டும் பாக்கச் சொல்லி அனுப்பினீங்க. நான் பித்தளையை வச்சுக்கொண்டு மத்தது எல்லாத்தையும் மாத்திட்டன்.

பூட்டு, தகடு, பக்கிள், வளையம், அடியில இருக்கிற குமிழ், கடைசி ஆணி வரைக்கும் கழட்டி எடுத்து ஏழு தரம் கழுவினன். உலோகம் கழுவினாச் சுத்தமாகும், அதில சந்தேகமில்ல. பழைய தோலைப் பிரிச்சு அளவு எடுத்தன். நல்ல மாட்டுத்தோலாப் பாத்து நானே போய் எடுத்து வந்து, அதே அளவுக்கு வெட்டினன். கோப்பி அவிச்ச தண்ணியும் எண்ணெயும் மாறி மாறிப் போட்டு நிறத்தைக் கறுக்கவச்சன். வலப்பக்கத்தில மைக் கறை ஒண்டு இருந்ததே, அதுவும் போட்டன். விளக்குச் சுட்ட அடையாளத்துக்குக் கம்பியைக் காய்ச்சி வச்சன். நோன்போட இருந்து இந்தக் கள்ள வேலை பாக்கிறதை நினைச்சா எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கு.

பூட்டுக்கு உடைஞ்ச மணிக்கூட்டு ஸ்பிரிங் ஒண்டை வெட்டிப் போட்டிருக்கன். வளையத்தின்ட தேஞ்ச பக்கத்துக்குப் பித்தளை உருக்கி வச்சு அராவினன். முழுசா நிரப்பல்ல. அவர் விரல் போய் இருக்கிற அந்தப் பள்ளத்தை அப்பிடியே விட்டிருக்கன். இருபது வருசத்தில இப்பிடி ஒரு வேலை நான் ஆருக்கும் செஞ்சு குடுத்ததில்ல.

பழைய தோலைக் கடைக்குப் பின்னால மண்ணுக்குள்ள தாட்டிட்டன். மேசையில இருந்த கடிதத்தையும் கிழிச்சு அதோட போட்டன்.

பாக்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. அவர்ட கைக்கு என்ன தெரியும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியா. பெருநாள் முடிய முத்தலிப் காக்காட்டக் குடுத்து விடுறன். பூட்டுத் திருத்தியாச்சு எண்டு மட்டும் சொல்லுங்க.

ஸமட்


சாய்ந்தமருது
1980 ஓகஸ்ட் 21

தம்பி,

எப்பிடி எழுதறது எண்டு தெரியல்ல. நடந்தபடி எழுதறன்.

முத்தலிப் காக்கா பொதியை அவிழ்க்க, வாப்பா சின்னப் பிள்ளையாட்டம் குந்திக்கொண்டு இருந்தார். பூட்டை அமத்தினார். டக் எண்டு விழுந்திச்சு. திறந்தார், திருப்பி அமத்தினார். நாலு தரம். "கேட்டியா மகள் சத்தத்தை? வெள்ளைக்காரன் தந்த அண்டைக்கும் இப்பிடித்தான் கேட்டிச்சு" எண்டு சிரிச்சார். நான் மனசுக்குள்ள அல்ஹம்துலில்லாஹ் எண்டன். வளையத்துக்குள்ள விரலை விட்டார், அதுக்கும் சிரிச்சார். பேக்கைத் தூக்கி மடியில வச்சார்.

மறுகா கையைத் தோலில வச்சார். பக்கத்தால ஒருக்காத் தடவினார். சிரிப்பு நிண்டிட்டு. அடியைத் தடவினார். மூக்குக்கிட்டக் கொண்டுபோய் மணந்து பாத்தார். "இது ஆர்ட பேக்?" எண்டார்.

"உங்கடதான் வாப்பா" எண்டன்.

"பித்தளை என்ட. தோல் என்டதில்ல. வெள்ளைக்காரன்ட தோலைக் கழட்டி வித்துப்போட்டு நாட்டு மாட்டுத்தோலைத் தைச்சு அனுப்பியிருக்கான். நான் முதலே சொன்னன், தோலில கை வைக்கப்படா எண்டு. ஹஜ்ஜுக்குப் போற வாப்பாட பொருளையே எடுத்துப்போட்டான் கள்ளன்."

கள்ளன் எண்டார் தம்பி. முத்தலிப் காக்காக்கு முன்னால. அந்த மனிசனுக்கு வாயில பூட்டு இருக்கா? அசருக்கு முதல் கல்முனைச் சந்தை முழுக்கத் தெரிஞ்சிட்டு. அபூசாலி லெப்பைட மகன் வாப்பாட பேக்கையே களவெடுத்தானாம் எண்டு மீன் வாங்கப் போன இடத்தில என்னட்டயே வந்து துக்கம் விசாரிக்காளுகள்.

உண்மை எனக்கு வாய் வரைக்கும் வந்த. நாக்கைக் கடிச்சுக்கொண்டு அடுப்படிக்குள்ள போய் நிண்டன். நீ செஞ்சது என்ன, உனக்குக் கிடைச்ச பேர் என்ன. என்னால இதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாது. ஓம் எண்டு ஒரு வரி எழுது, எல்லாத்தையும் சொல்லிப்போடுறன். நடக்கிறது நடக்கட்டும்.

கமீலா


மருதானை
1980 ஓகஸ்ட் 31

ராத்தா,

வேணாம்.

ஒரு மாசத்துக்கு முதல் நீங்க என்னைத் தடுத்தீங்க. இப்ப நான் உங்களைத் தடுக்கன். களாத் தொழுகையும் தொழுகைப் பாயும் எல்லாம் அப்பிடியேதான் இருக்கு, ஒண்டும் மாறல்ல.

கோவமில்ல எண்டு சொன்னாப் பொய். ஒரு அங்குலத்துக்கு எட்டுத் தையல், ராத்தா. கையால. அதைப் பாக்க அவருக்குக் கண் இல்லாமப் போச்சு. கையைப் போட்டுத் தோலைத் தடவினார், தையலைத் தடவல்ல.

கள்ளன் எண்ட பேரால எனக்கு இனி என்ன கெட்டுப்போகும்? சொந்த வாப்பா நிக்காஹ் செஞ்சுவைக்க மாட்டாத லெப்பைட மகனுக்கு எட்டு வருசமா ஆரும் பொண்ணு தரல்ல. இனியும் தரப்போறதில்ல. ஊருக்கு வந்தாத்தானே சந்தையில முழிக்கணும்? வரப்போறதுமில்ல.

அவர் கொழும்புக்கு வாற அண்டைக்கு வழியனுப்ப வா எண்டு எழுதாதீங்க. கள்ளன் எண்டு கையை நீட்டிக் காட்டுறத்துக்கு நான் போய் நிக்க ஏலாது. களைச்சுப் போனன். அவர் போயிட்டு நல்லபடியா வரட்டும்.

ஸமட்


சாய்ந்தமருது
1980 செப்தெம்பர் 17

தம்பி,

எழுதாத எண்டு சொல்லியும் எழுதறன்.

வாப்பா ஹஜ்ஜுக்குப் போறதால ஊரெல்லாம் பொருத்தம் கேட்டுத் திரியிறார். தெரிஞ்சும் தெரியாமலும் நான் செஞ்ச பிழையைப் பொருந்திக்கொள்ளுங்க எண்டு வீடு வீடாப் போறார். பதினொரு நாள் நடக்கார். பாண்டிருப்புக்குப் போய்த் தம்பிமுத்தரையும் கண்டிட்டு வந்திட்டார். வாய்க்கால் தண்ணிச் சண்டையில பத்து வருசம் முகம் பாக்காத ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதாங்களாம். அவர்ட பெண்சாதி செல்லத்தங்கம் அக்கா கோப்பி குடுத்து அனுப்பினாவாம்.

போற இடமெல்லாம் அந்தப் பேக்கைத்தான் தூக்கிக்கொண்டு போறார். கள்ளன் தைச்ச பேக் எண்டு எல்லாருக்கும் சொல்லுறார், கீழ மட்டும் வைக்கிறாரில்ல. நேத்து வெயில்ல பிடிச்சுப் பாத்துக்கொண்டு தனியக் கதைக்கார்: "கள்ளன் எண்டாலும் நல்லாத்தான் தைச்சிருக்கான்." நான் கதவுக்குப் பின்னால நிண்டு கேட்டன். இது பொய்யில்ல.

நான் கேட்டன், "எல்லாரோடயும் பொருந்திட்டீங்க, உங்கட மகனோட?" எண்டு. பேக்குப் பூட்டை ஒருக்கா அமத்திப் பாத்தார். மறுகா சொன்னார்: "எனக்கும் ஆசைதான் மகள். எடுத்தவன் எடுத்தன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லணும். அவன் ஒப்புக்கொள்ளாம நான் எதைப் பொருந்துற? அந்தப் பாரத்தோடதான் போகவேணும்போல." சொல்லிப்போட்டு முகத்தைத் துடைச்சார். வேர்வை எண்டார்.

இனி கேள். இருபத்தேழாம் திகதி மருதானைப் பள்ளிவாசலுக்கு முன்னால இருந்து அசருக்குப் பிறகு ஹாஜிமாரை ஏத்திக்கொண்டு பஸ் போகும். உன்ட கடையில இருந்து நடக்கிற தூரம்தான். நாங்க பொம்புளயள் கல்முனையோட நிண்டிடுவம். நீ போகாட்டி, அவர் திரும்பி வந்த அண்டைக்கு முழுக் கதையையும் நான் சொல்லுவன். கள்ளனாக நீ இருக்கிறதைப் பாத்துக்கொண்டு எனக்குச் சாக ஏலாது. போனாயெண்டா என்ன சொல்லுறது எண்டு நீயே யோசி. நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன், எனக்கு எல்லாம் போதும் காணும் எண்டு ஆச்சு.

கமீலா


மருதானை
1980 செப்தெம்பர் 28

ராத்தா,

போனன்.

சனம் எண்டாச் சனம். ஒவ்வொரு ஹாஜிக்கும் இருபது பேர், முப்பது பேர். வாப்பாக்கு முத்தலிப் காக்கா மட்டும்தான் பக்கத்தில நிண்டார். வெள்ளை உடுப்பில வாப்பா சின்ன ஆளாத் தெரிஞ்சார். எட்டு வருசத்தில அவ்வளவு வத்திப்போயிட்டார் எண்டு நீங்க ஒரு கடிதத்திலயும் எழுதல்லயே. பேக் கையில இருந்த. நான் தூண் ஓரமா நிண்டு முதல்ல பாத்தது பேக்கைத்தான், பாரத்துக்குத் தையல் இழுபடுதா எண்டு. இழுபடல்ல.

அவர் என்னைக் கண்டிட்டார். கூப்பிடல்ல. நானும் நிண்ட இடத்தில நிண்டன். கடைசியில முத்தலிப் காக்காதான் கையைப் பிடிச்சு இழுத்து வந்து முன்னால விட்டார்.

"வந்திட்டியா?" எண்டார்.

"ஓம் வாப்பா."

"என்ட பேக்குத் தோலை எடுத்தது நீதானா?"

அத்தனை பேரும் பாத்துக்கொண்டு நிண்டாங்க. ராத்தா, உண்மையைச் சொன்னா நான் கள்ளன் இல்ல. அதைச் சொன்னா அவர் அந்த பஸ்ஸில ஏறமாட்டார். இதுக்கு நடுவில ஒரு வழி இருக்கா எண்டு தேடிப் பாத்தன், இல்ல.

"ஓம் வாப்பா. தோலை எடுத்தது நான்தான்" எண்டன்.

யோசிச்சுப் பாருங்க, அது பொய்யில்ல.

அவர் பேக்கை முத்தலிப் காக்காட்டக் குடுத்திட்டு ரெண்டு கையாலயும் என்னைப் பிடிச்சார். "பொருந்திட்டன். அல்லாஹ்வுக்காக முழுசாப் பொருந்திட்டன்" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். நான் அழுதன், அவரும் அழுதார். சுத்தி நிண்ட ஆட்கள் எல்லாம், ஒரு கள்ளன் திருந்திட்டான் எண்டு சந்தோசப்பட்டாங்க.

அந்தக் கண்ணீரோட காதுக்கிட்ட வந்து கேக்கார், "நல்ல விலைக்காவது குடுத்தியா?"

"இல்ல வாப்பா."

"விசரன். எப்பிடிப்பட்ட தோல் எண்டு உனக்குத் தெரியல்லயே!"

எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அழுகையும் சிரிப்பும் ஒண்டா வந்து மூச்சு முட்டிச்சு. முத்தலிப் காக்கா தண்ணி வாங்கித் தந்தார்.

மறுகா பஸ்ஸில ஏறினார். சன்னல் ஓரத்தில இருந்தார், பேக்கை மடியில வச்சுக்கொண்டு. நான் கீழ நிண்டன். கையை வெளிய நீட்டி என்ட தலையில வச்சார். "மகன், உன்னோட கதைக்காம இருந்த எட்டு வருசம். அதுக்கு நீயும் என்னைப் பொருந்திக்க" எண்டார்.

ராத்தா, பஸ் எடுக்க நேரமிருந்த. ட்ரைவர் கீழ நிண்டு தேத்தண்ணி குடிச்சான். பொருந்திட்டன் வாப்பா எண்டு ஒரு சொல்லுச் சொல்லக் காணும். வாய் வரல்ல. மத்தது எல்லாம் சொல்ல முடிஞ்ச, இது முடியல்ல. எட்டு வருசம் எண்டு அவர் எண்ணிச் சொன்ன உடனே உள்ளுக்கு என்னமோ இறுகிப் போச்சு. தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கொண்டு இருந்தார். மறுகா கையை எடுத்திட்டு, பேக்கைத் திறந்து தஸ்பீஹை எடுத்தார். பஸ் போயிட்டு.

ராவு முழுக்க அதுதான் மண்டைக்குள்ள ஓடிச்சு. அந்த வயசில அவ்வளவு தூரம் போறவர், அந்தச் சனக்கூட்டத்துக்குள்ள. கூட்டிக்கொண்டு போன ஹாஜியார்ட மக்கா விலாசம் உங்களிட்ட இருக்கும். இந்தக் கடிதம் கிடைச்ச உடனே, அடுப்பில என்ன இருந்தாலும் இறக்கி வச்சிட்டு எழுதுங்க. ஸமட் பொருந்திட்டான் எண்டு எழுதுங்க. பஸ்ஸடியில நிக்கக்குள்ளயே பொருந்திட்டான், சொல்லத்தான் பிந்திட்டு எண்டு எழுதுங்க.

உங்கட தம்பி
ஸமட்